டைரக்டரைக் கூப்பிட்டால் குடி முழுகிப் போய்விடுமா?



இது நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம். பாதியில் நிறுத்திவிட்டுப் பின்னூட்டத்தில் சண்டைக்கு வருபவர்களை மட்டும் அனுமதிக்க மாட்டேன். முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் பிரிட்ஜ் ஆடுவதும், உள்ளூர்ப் போட்டிகளில் டைரக்டராக நிற்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். நான் போய்வரும் கிளப்பில் அடுத்த மாதம் ஜோடிகளுக்கான போட்டி. அதற்காகக் கமிட்டி ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. மேசையில் நடக்கும் சின்னச் சின்னத் தவறுகளுக்கு டைரக்டரைக் கூப்பிடாமல் ஆட்டக்காரர்களே சுமுகமாகத் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். பெரிய விஷயம் என்றால் மட்டும் கூப்பிடலாமாம். கூடவே இன்னொன்று: சிறப்பு விருந்தினருக்கு வேறு வேலை இருப்பதால், கடைசிச் சுற்று முடிந்த 10 நிமிடத்தில் பரிசளிப்பு.

இரண்டையும் எதிர்த்து இரண்டு பக்கக் கடிதம் கொடுத்தேன். "சாருக்கு வாத்தியார் புத்தி இன்னும் போகலை" என்று சிரித்தார்கள். "சீட்டாட்டத்துக்கு எதுக்கு சார் சுப்ரீம் கோர்ட்டு?" என்று என்னிடம் படித்த ஒருவனே கேட்டான். அவனுக்கான பதில்தான் இது. அவனை மாதிரி நினைப்பவர்களுக்கும்.

முதலில் உறவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. என் மச்சினர் இன்னமும் நான் ரம்மி ஆடப் போவதாகத்தான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆன்லைன் ரம்மியில் பணத்தையும் உயிரையும் விட்டவர்களின் செய்தி நம் ஊரில் நிறைய வந்துவிட்டது, அதனால் அவர் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் நாங்கள் ஆடுவது அதுவல்ல. போட்டி பிரிட்ஜில் ஒரு தடவை பிரித்த சீட்டு அப்படியே எல்லா மேசைக்கும் போகும். நான்கு பை வைத்த ஒரு தட்டையான பெட்டி இருக்கும், அதற்கு போர்டு என்று பெயர். ஆட்டம் முடிந்ததும் அவரவர் தங்கள் 13 சீட்டையும் அந்தந்தப் பையிலேயே திருப்பி வைப்பார்கள், போர்டு அடுத்த மேசைக்கு நகரும். வடக்கில் உட்கார்ந்தவருக்கு முதல் மேசையில் என்ன சீட்டு வந்ததோ அதுவேதான் எட்டாவது மேசையில் வடக்கில் உட்கார்ந்தவருக்கும். நல்ல சீட்டு வந்தது, கெட்ட சீட்டு வந்தது என்ற பேச்சே கிடையாது. அதே கேள்வித்தாளை எல்லாரும் எழுதுகிறோம், யார் நன்றாக எழுதினார் என்று பார்க்கிறோம். ஹரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கப் பணக்காரர் 1925-இல் ஒரு கப்பல் பயணத்தில் இன்றைய கணக்கு முறையை வகுத்தார். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இதே ஆட்டத்தில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கினார்கள். ஒருவருக்கு 60 வயது, இன்னொருவருக்கு 56. மச்சினர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

கேள்வித்தாள் ஒன்றுதான் என்றேன் இல்லையா? என் வாதம் முழுவதும் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

ஜோடிப் போட்டியில் மதிப்பெண் எப்படி வருகிறது என்று கணக்காகவே காட்டுகிறேன். பயப்படாதீர்கள், ஆறாம் வகுப்புக் கணக்குதான். எட்டு மேசை. ஒரு போர்டில் எல்லா மேசையிலும் வடக்கு-தெற்கு ஜோடி நான்கு ஸ்பேடு ஆடுகிறது, அதாவது ஸ்பேடைத் துருப்பாக வைத்துப் பத்துப் பிடி எடுப்பதாக ஒப்பந்தம். ஐந்து மேசையில் சரியாகப் பத்து எடுத்து 420. ஒரு மேசையில் பதினொன்று எடுத்து 450. இரண்டு மேசையில் ஒன்பதோடு நின்றுபோய் 50 நஷ்டம். இப்போது ஒவ்வொரு ஜோடியும், தான் தோற்கடித்த ஒவ்வொரு ஜோடிக்கும் 2, சமமாக வந்த ஒவ்வொரு ஜோடிக்கும் 1 வாங்கும். 450 எடுத்தவர் மற்ற ஏழு பேரையும் வென்றார், 14. 420 எடுத்தவர்கள் இருவரை வென்றார்கள், நால்வரோடு சமம், ஆளுக்கு 8. நஷ்டப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 1. கூட்டிப் பாருங்கள், 56 வரும். எதிரே உட்கார்ந்த கிழக்கு-மேற்கு ஜோடிக்கு இதன் மறுபாதி: 14-இல் மீதி.

சரி. அந்த 420 எடுத்த ஐந்து மேசைகளில் ஒன்றுக்குப் போவோம். அங்கே தற்காத்து ஆடியவர்களில் ஒருவர், கையில் டைமண்ட் இருந்தும் கவனிக்காமல் கிளப்பைப் போட்டுவிட்டார். இதற்கு ரிவோக் என்று பெயர். ஆட்டம் முடிந்து பார்த்தால் தெரிகிறது. சட்டப்படி இந்த இடத்தில் ஒரு பிடி ஆடியவருக்குக் கைமாற வேண்டும், பத்து பதினொன்றாகி 450 ஆக வேண்டும். ஆனால் ஆடியவர் பெரிய மனசுக்காரர். "விடுங்க சார், வயசானவர், கண்ணு சரியாத் தெரியலை" என்று சொல்லிவிட்டு 420 என்றே எழுதுகிறார். எல்லோரும் புன்னகை செய்கிறார்கள். கமிட்டி சொல்லும் சுமுகம் இதுதான்.

இப்போது கணக்கைத் திருத்திப் போடுங்கள். உண்மையில் 450 இரண்டு மேசையில். அவர்களுக்கு ஆளுக்கு 13. 420 நான்கு மேசையில், அவர்களுக்கு ஆளுக்கு 7. மீதி இருவருக்கும் பழையபடி 1. இதுவும் 56.

பெரிய மனசுக்காரர் 13-க்குப் பதில் 8 வாங்கினார். அவர் கையிலிருந்து 5 போயிற்று, அது அவர் இஷ்டம் என்பீர்கள். ரிவோக் செய்த ஜோடிக்கு 1 வந்திருக்க வேண்டிய இடத்தில் 6 வந்தது. அந்த 5 எங்கிருந்து வந்தது? கிழக்கு-மேற்கு வரிசையில் ஒரு தவறும் செய்யாமல் உட்கார்ந்திருந்த மற்ற ஐந்து ஜோடிகளிடமிருந்து தலைக்கு ஒன்றாக வந்தது! 420 கொடுத்த நான்கு ஜோடிக்கு 7 கிடைக்க வேண்டியது, 6 கிடைத்தது. 450 கொடுத்தவர்களுக்கு 1 வர வேண்டியது, பூஜ்யம். அவர்கள் அந்த மேசையில் இல்லை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் ஊரில் சொல்வார்கள். வகுப்பில் இந்தப் பழமொழியை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைத்ததில்லை. பொறியியல் கலந்தாய்வுத் தரவரிசை உங்களுக்குத் தெரியும். ஒரு பையனுக்கு இரக்கப்பட்டு அரை மதிப்பெண் கூடப் போட்டால், அவனுக்குக் கீழே போகிற பிள்ளைகள் எத்தனை பேர்? விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்த ஆசிரியர் யாரையும் கேளுங்கள். போட்டி என்பது ஒருவரோடு ஒருவரை வைத்து அளப்பது. அங்கே தனியார் தர்மம் என்று ஒன்று கிடையாது.

இதனால்தான் உலக பிரிட்ஜ் கூட்டமைப்பின் சட்டப் புத்தகம் (இப்போது நடப்பில் இருப்பது 2017 பதிப்பு) 10-ஆம் விதியிலேயே இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறது. தவறுக்குப் பரிகாரம் என்ன என்று முடிவு செய்யும் உரிமை டைரக்டருக்கு மட்டும்தான். ஆட்டக்காரர்கள் தாங்களாகத் தீர்மானிக்கவும் முடியாது, தாங்களாக விட்டுக்கொடுக்கவும் முடியாது. 9-ஆம் விதி, தவறு என்று யாராவது சுட்டிக்காட்டிய உடனே டைரக்டரை அழைக்க வேண்டும் என்கிறது. அவர் வந்து விளக்கும்வரை யாரும் எதுவும் செய்யக் கூடாது. டம்மியாக உட்கார்ந்திருப்பவர்கூட அப்போது அழைக்கலாம். அழைத்ததால் யாருக்கும் எந்த உரிமையும் போய்விடாது. அழைக்காமல் நீங்களாக மேற்கொண்டு ஆடினால்தான் பரிகாரம் கேட்கும் உரிமை போகலாம் என்பது 11-ஆம் விதி.

ஆக, கமிட்டியின் அறிவிப்பு சட்டத்துக்கு நேர் எதிர். சட்டப்படி நடக்கும் போட்டி என்று நுழைவுப் படிவத்தில் அச்சடித்துவிட்டு, சட்டத்தை மீறுங்கள் என்று பலகையில் ஒட்டுகிறார்கள்.

"அப்ப இரக்கத்துக்கே இடமில்லையா சார்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. 81-ஆம் விதியைப் படியுங்கள். தவறு செய்யாத தரப்பு கேட்டுக்கொண்டால், தக்க காரணம் இருந்தால், டைரக்டர் தன் விருப்புரிமைப்படி பரிகாரத்தைத் தள்ளுபடி செய்யலாம். கை நடுங்கிச் சீட்டு விழுந்தது, மேசையில் தண்ணீர் கொட்டிய களேபரம், இப்படிப்பட்டவற்றுக்காகவே அந்த வாசல். ஆனால் அந்த வாசலும் டைரக்டர் வழியாகத்தான் போகிறது. அவர்தான் மேசையில் இல்லாதவர்களுக்கும் சேர்த்து யோசிக்க வேண்டியவர். இரக்கப்படுவது நல்லதுதான், அதை அவரைக் கூப்பிட்டுவிட்டுச் செய்யுங்கள். கண் தெரியாத பெரியவர்கள்மேல் உண்மையான கரிசனம் இருந்தால், பெரிய எழுத்துச் சீட்டுக் கட்டு வாங்கிப் போடுங்கள், நல்ல விளக்குப் போடுங்கள். கமிட்டிக்கு இரண்டு கடிதம் எழுதியும் எங்கள் ஹாலில் ஜன்னல் பக்கத்து மேசைக்கு மேலே குழல்விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இவ்வளவு கோபப்படுவதற்குக் காரணம் கணக்கு மட்டும் இல்லை.

சென்ற வருடம் வேறொரு ஊரில் நடந்த போட்டி. நான் டைரக்டர். இரண்டு கல்லூரிப் பெண்கள் ஜோடியாக வந்திருந்தார்கள். முதல் போட்டி. எதிரே இருந்தவர் முப்பது வருடமாக ஆடுகிறவர், பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்களில் ஒருத்தி ஆட வேண்டிய கை. அவளுக்கு இடப்பக்கம் இருப்பவர்தான் முதல் சீட்டைப் போட வேண்டும். வலப்பக்கம் இருந்த நம் பெரியவர் முறை மாறிச் சீட்டை முகம் தெரியப் போட்டுவிட்டார். சட்டப்படி அந்த இடத்தில் அவளுக்கு ஐந்து வழி இருக்கிறது. அந்தச் சீட்டை ஏற்றுக்கொண்டு தானே ஆடலாம். ஏற்றுக்கொண்டு, தன் கையை விரித்துவிட்டுப் பார்ட்னரை ஆடச் சொல்லலாம். ஏற்காமல், சரியானவர் அதே சூட்டைத்தான் போட வேண்டும் என்று சொல்லலாம். அதே சூட்டைப் போடவே கூடாது என்றும் சொல்லலாம். அல்லது எதை வேண்டுமானாலும் போடட்டும், தப்பாக வந்த சீட்டு மேசையிலேயே தண்டனைச் சீட்டாகக் கிடக்கட்டும் என்று விடலாம். ஐந்தில் எது லாபம் என்பது அவள் கையைப் பொறுத்தது. நன்றாக யோசித்தால் ஒரு முழு மேட்ச் பாயின்ட்டையே திருப்பிவிடக்கூடிய இடம்.

"அங்கிள், டைரக்டரைக் கூப்பிடலாமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா, சின்ன விஷயம். நீ ஆடும்மா" என்று சொல்லி அவர் சீட்டை எடுத்துக் கையில் சொருகிக்கொண்டார். அவளும் ஆடினாள்.

அதே மேசையில், அடுத்த போர்டு. அந்தப் பெண் பதற்றத்தில் தன் முறை வருமுன் பாஸ் அட்டையை வைத்துவிட்டாள். உடனே அதே பெரியவர் கையைத் தூக்கி, ஹால் முழுக்கக் கேட்கும்படி, "டைரக்டர்!"

போனேன். தீர்ப்புச் சொன்னேன், முறை மாறிய பாஸுக்கு சட்டத்தில் என்ன உண்டோ அது. பிறகுதான் அவள் பார்ட்னர் மெதுவாக, "சார், போன போர்டுல..." என்று ஆரம்பித்தாள். நான் பெரியவரைப் பார்த்தேன். "சின்னப் பொண்ணு, கத்துக்கட்டுமேன்னுதான் சார் இப்பக் கூப்பிட்டேன்" என்றார். அவர் தவறு செய்தபோது சின்ன விஷயம், அவள் செய்தபோது பாடம்! அந்த ஐந்து வழியில் அவள் எதை எடுத்திருப்பாள், அதிலிருந்து ஆட்டம் எப்படிப் போயிருக்கும் என்று நடந்து முடிந்த பிறகு யாரால் சொல்ல முடியும்? அவருக்கு எச்சரிக்கை கொடுத்தேன். அந்தப் பெண்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஆடினார்கள், முடித்தார்கள், போனார்கள். அதற்கப்புறம் எந்தப் போட்டியிலும் நான் அவர்களைப் பார்க்கவில்லை.

சுமுகம் என்றால் இதுதான் சுமுகம். டைரக்டரை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. அங்கே வயசு வந்து உட்காரும். குரல் வந்து உட்காரும். கிளப்பில் யாருக்கு யார் எத்தனை வருடப் பழக்கம் என்பது வந்து உட்காரும். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எதிரே இருந்தால், அவர் சொன்னதே சட்டம். புதிதாக வருகிறவர்கள், இளையவர்கள், பெண்கள், இங்கிலீஷ் சரளமாகப் பேச வராதவர்கள், இவர்களுக்கு அந்த ஹாலில் இருக்கும் ஒரே துணை சட்டப் புத்தகமும் அதைக் கையில் வைத்திருப்பவரும்தான். அதைத்தான் கமிட்டி பிடுங்கப் பார்க்கிறது. அப்புறம் ஆண்டுக் கூட்டத்தில், இளைஞர்கள் வருவதே இல்லை என்று தீர்மானம் போடுவார்கள்.

டைரக்டரைக் கூப்பிடுவதைப் போலீஸைக் கூப்பிடுவதாக நினைப்பதுதான் நோய்க்கு வேர். உணவகத்தில் சர்வரைக் கூப்பிடும் தொனியில் கூப்பிட வேண்டிய விஷயம் இது. யார் மேலும் குற்றச்சாட்டு இல்லை. நம் ஆட்களுக்கு அது புரிவதில்லை. மிக மோசமாகப் புரிந்துகொள்ளப்படுவது, தயங்குவது பற்றிய விதி.

ஒருவர் ஏலத்தில் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பாஸ் சொல்கிறார். அவருடைய பார்ட்னர் உடனே அடுத்த ஏலம் கேட்கிறார். எதிரணி டைரக்டரைக் கூப்பிடுகிறது. உடனே ஒரு குரல்: "என்னைத் திருடன்னு சொல்றீங்களா?" ஐயா, உங்களை யாரும் அப்படிச் சொல்லவில்லை! யோசிப்பது குற்றமே இல்லை, யோசிக்கத்தானே இந்த ஆட்டம்? ஆனால் நீங்கள் யோசித்தது உங்கள் பார்ட்னருக்கு ஒரு சேதியைச் சொல்லிவிட்டது: உங்கள் கையில் ஏதோ இருக்கிறது, வெறும் பாஸ் இல்லை. அந்தச் சேதியை அவர் பயன்படுத்தக் கூடாது. நியாயமாக அவர் முன்னே இரண்டு வழி இருந்தால், உங்கள் தயக்கம் எந்தப் பக்கம் கை காட்டுகிறதோ அந்தப் பக்கம் அவர் போகக் கூடாது. 16-ஆம் விதி இவ்வளவுதான் சொல்கிறது. அவர் மனசில் என்ன இருந்தது என்று அது கேட்பதே இல்லை. தேர்வு அறையில் பக்கத்துப் பையன் தன்னையறியாமல் விடையை முணுமுணுத்துவிட்டால், காதில் விழுந்தவன் குற்றவாளி ஆகிவிட மாட்டான். ஆனால் அந்த விடைக்கு மதிப்பெண் கொடுக்கவும் முடியாது. டைரக்டர் செய்வதும் அதுதான். அந்தக் கையைச் சம்பந்தமில்லாத நாலைந்து சம தரத்து ஆட்டக்காரர்களிடம் காட்டி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். எல்லோரும் யோசிக்காமல் ஏலம் கேட்டால் உங்கள் முடிவு நிற்கும். பாதிப் பேர் பாஸ் என்றால் ஸ்கோர் மாறும். இதில் மானம், மரியாதை எங்கே வந்தது?

மானம் பேசுகிறவர்கள் டைரக்டரிடம் பேசும் பேச்சைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். "நீ எத்தனை வருஷமா ஆடறே?" என்பார்கள். சீட்டைத் தூக்கி எறிவார்கள். பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்! 74-ஆம் விதி மரியாதையைப் பற்றியது, 91-ஆம் விதி மரியாதை தவறியவரின் புள்ளியைக் குறைக்கவும் அந்தச் சுற்றுக்கு வெளியே அனுப்பவும் டைரக்டருக்கு அதிகாரம் தருகிறது. நம் பக்கத்தில் அதைப் பயன்படுத்தும் டைரக்டரை விரல்விட்டு எண்ணலாம், ஏனென்றால் அடுத்த போட்டிக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். தீர்ப்பு பிடிக்கவில்லையா, மேல்முறையீடு செய்யுங்கள், அதற்கும் வழி இருக்கிறது. கத்துவது மேல்முறையீடு ஆகாது. இன்னொன்று, செலவை மிச்சம் பிடிக்க, ஆடிக்கொண்டே டைரக்டராகவும் இருக்கும் ஒருவரை வைப்பது. வாராந்திர ஆட்டத்துக்குச் சரி. கோப்பை வைத்த போட்டியில், தானும் ஆடும் போர்டைப் பற்றி அவரே தீர்ப்புச் சொன்னால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுவார்கள். மதியச் சாப்பாட்டில் ஒரு இனிப்பைக் குறைத்தால் தனி டைரக்டருக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம்.

இனி ஸ்கோர். பரிசளிப்பைப் பற்றிய என் ஆட்சேபம்.

முன்பெல்லாம் ஒவ்வொரு போர்டோடும் ஒரு மடித்த தாள் போகும், டிராவலர் என்போம். அதில் பென்சிலால் எழுதி, கடைசியில் உட்கார்ந்து கையால் கூட்டுவோம். இப்போது மேசைக்கு ஒரு பிரிட்ஜ்மேட் கருவி. வடக்கில் இருப்பவர் பதிவு செய்கிறார், கிழக்கில் இருப்பவர் பார்த்துச் சரி என்று அழுத்துகிறார், கம்ப்யூட்டர் நொடியில் கணக்குப் போட்டுவிடுகிறது. அதனால் தவறே வராது என்று கமிட்டிச் செயலாளர் சொல்கிறார். கம்ப்யூட்டர் கூட்டலில் தவறு செய்யாது, உண்மைதான். ஆனால் அதில் அழுத்துவது விரல். ஆடியது வடக்கா கிழக்கா என்று மாற்றி அழுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கிழக்கில் இருப்பவர் அடுத்த போர்டின் சீட்டை எண்ணிக்கொண்டே பார்க்காமல் சரி என்று அழுத்துவார். முடிந்தது.

மேலே போட்ட அதே கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள், ரிவோக் கதையை மறந்துவிட்டு. ஐந்து 420-இல் ஒன்று எதிர்ப்பக்கத்துக்குப் பதிவாகிவிட்டது. அந்த ஜோடி 8-லிருந்து நேராகப் பூஜ்யம். எதிரே இருந்தவர்கள் 6-லிருந்து 14. அதோடு போயிற்றா? மற்ற நாலு 420-க்கும் 8 என்பது 9 ஆகிவிடும், நஷ்டப்பட்ட இரண்டு ஜோடிக்கும் 1 என்பது 3 ஆகிவிடும். ஒரு விரல் தவறியதற்குப் பதினாறு ஜோடியில் பதினான்கின் மதிப்பெண் மாறிவிட்டது. மாறாதது அந்த 450 மேசை மட்டும். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே ஒன்றிரண்டு புள்ளிதான் இருக்கும் என்பது போட்டி ஆடுகிற எல்லோருக்கும் தெரியும்.

இதற்காகத்தான் சட்டத்தில் திருத்தக் காலம் என்று ஒன்று வைத்திருக்கிறது. முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிய பிறகு, அமைப்பாளர்கள் வேறு நேரம் அறிவிக்காவிட்டால், 30 நிமிடம். நம் பரீட்சை மறுகூட்டல் மாதிரி. அதற்குள் தங்கள் ஸ்கோரைச் சரிபார்க்கலாம், பிழை இருந்தால் சொல்லலாம், தீர்ப்பும் கேட்கலாம். வேறு நேரம் வைக்கும் அதிகாரம் அமைப்பாளர்களுக்கு உண்டு என்று கமிட்டி எனக்குப் பதில் எழுதியிருக்கிறது. உண்டு, நான் மறுக்கவில்லை. அந்த அதிகாரத்தை எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. விருந்தினரின் காருக்காகவா?

விருந்தினர் அவசரத்தில் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு போட்டியில் முடிவை ஒட்டிய கையோடு மேடையில் பெயர் வாசித்தார்கள். பொன்னாடை, கோப்பை, குழு போட்டோ எல்லாம் ஆயிற்று. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது இடம் வந்தவர் தாளோடு வருகிறார், ஒரு போர்டில் திசை மாறியிருக்கிறது. சரிபார்த்தால் அவர் சொன்னது சரி. திருத்தினால் முதலிடமே மாறுகிறது. கோப்பை வாங்கியவர் அதற்குள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். "விடுங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். திருத்திய பட்டியலை ஒட்டவே இல்லை. வென்ற ஜோடியின் வீட்டில் கோப்பை இல்லை, கோப்பை இருக்கும் வீட்டுக்காரருக்கு அது தன்னுடையதல்ல என்று இன்றுவரை யாரும் சொல்லவும் இல்லை. இரண்டு பேருக்குமே அநியாயம்.

மாற்று ஏற்பாட்டையும் கடிதத்தில் எழுதியிருக்கிறேன், குறை மட்டும் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அந்தச் சுற்றின் ஸ்கோரைச் சுவரில் ஒட்டுங்கள், பிழைகள் அங்கங்கேயே பிடிபடும். கடைசிச் சுற்றுக்குப் பிறகு டீயும் பஜ்ஜியும் கொடுங்கள், 30 நிமிடம் தானாகப் போய்விடும். விருந்தினரை அந்த நேரத்தில் பேசச் சொல்லுங்கள், எப்படியும் அவர் அதற்குக் குறைந்து பேசப்போவதில்லை. அவருக்கு உண்மையிலேயே நேரமில்லை என்றால் தொடக்க விழாவுக்குக் கூப்பிடுங்கள். போட்டி தொடங்கும் முன் டைரக்டர் ஐந்து நிமிடம் பேசட்டும்: தவறு நடந்தால் கையைத் தூக்குங்கள், "டைரக்டர், ப்ளீஸ்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள், முதல் சீட்டை எப்போதும் கவிழ்த்துப் போடுங்கள், பார்ட்னர் பார்த்த பிறகு திருப்புங்கள். கவிழ்த்துப் போட்டிருந்தால் அந்தப் பெண்களின் மேசையில் நடந்தது நடந்திருக்கவே நடந்திருக்காது, சீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள டைரக்டரே சொல்லியிருப்பார்.

நட்புக்காகத்தானே ஆடுகிறோம் என்று நண்பர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். என் பதில்: நட்புக்காக ஆடும் நாட்கள் வாரத்தில் ஆறு இருக்கின்றன. வீட்டில் ஆடுங்கள், திண்ணையில் ஆடுங்கள், அங்கே சீட்டைத் திரும்ப எடுங்கள், காபி குடித்துக்கொண்டே நாலு ஸ்பேடை மூன்றாக்குங்கள். நானும் வருகிறேன். கட்டணம் வாங்கி, வெளியூர்க்காரர்களை வரவழைத்து, ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, வரிசைப்படுத்திக் கோப்பை கொடுப்பதற்குப் பெயர் போட்டி.

கமிட்டிக் கூட்டம் வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு. உங்களில் அந்த கிளப்பில் உறுப்பினராக இருக்கும் மூன்று பேர் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லி மானத்தை வாங்கவில்லை. மூவரும் வர வேண்டும். வழக்கம்போல 10:20-க்கு வராதீர்கள். கடிதத்தின் நகல் வேண்டுபவர்கள் தனிச் செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன். மேலே போட்ட கணக்கில் பிழை கண்டுபிடிப்பவர்கள் ஒளிக்காமல் இங்கேயே எழுதுங்கள், 30 நிமிடமெல்லாம் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் திருத்துவேன்.